கஞ்சியும் ஓய்வும் கரைத்த சதை

மலக்குடல் புற்றுநோய்க்கு ரேடியேஷன் ஓடிக்கொண்டிருக்கும்போது, மூன்று வேளையும் கஞ்சியைக் கொடுத்து, "அசையாம படுத்திருங்க" என்று யாராவது சொன்னால், அவர் எவ்வளவு மூத்தவரானாலும் எதிர்த்து நில்லுங்கள். என் வீட்டுக்காரருக்கு அதைத்தான் செய்தார்கள். அவருடைய ஆபரேஷன் தள்ளிப்போனதற்குக் கட்டி காரணம் இல்லை. அந்தக் கஞ்சியும் கட்டிலும்தான் காரணம்.

ரத்தம் போனதை மூலம் என்று நினைத்தது, பிறகு கொலனோஸ்கோபி, பயாப்ஸி, எம்.ஆர்.ஐ. இதெல்லாம் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஐந்து வாரம் ரேடியேஷன், கூடவே கேப்சிடபின் மாத்திரை, அப்புறம் கட்டி சுருங்கச் சில வாரம் காத்திருந்து ஆபரேஷன் என்றார்கள். ஆக மொத்தம் மூன்று மாதம் கையில் இருந்தது. உடம்பைத் தேற்ற வேண்டிய காலம் அது.

அந்த நேரம் பார்த்து என் நாத்தனார் வந்து இறங்கினார். "முட்டை சூடு. பாலும் கறியும் கட்டிக்குத் தீனி. கஞ்சிதான் வயித்துல நிக்கும்" என்றார். மாமியாரும் ஆமாம் போட்டார். இது சரியில்லை என்று முதல் நாளே சொன்னேன். "எத்தனை நோயாளியைப் பாத்திருக்கே நீ?" என்று என் வாயை அடைத்தார்கள். அக்கா சொல்லைத் தட்டாதவர் இவர். வாசல் வரை நடந்தால்கூட, "ரேடியேஷன் உடம்பு, போய்ப் படு" என்று திருப்பி அனுப்புவார்கள்.

எடை பெரிதாகக் குறையவில்லை, தொப்பையும் அப்படியே இருந்தது. அதைக் காட்டியே என்னைச் சமாதானப்படுத்தினார்கள். ஆனால் வேட்டி கட்டும்போது தொடை சூம்பியிருந்ததை நான் பார்த்தேன். நாற்காலியிலிருந்து எழ இரண்டு உள்ளங்கையையும் முட்டியில் ஊன்றி, ஒரு மூச்சு இழுத்துவிட்டுத்தான் எழுந்தார். கொழுப்பு இருந்த இடத்தில் இருக்க, சதை மட்டும் கரையும். தராசு அதைக் காட்டாது.

சர்ஜன் கண்டுபிடித்துவிட்டார். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து தடவை நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரச் சொன்னார். 12 விநாடிக்குள் முடிக்க வேண்டுமாம். இவர் மூன்றாவது தடவையில் திணறி நின்றுவிட்டார். கட்டிக்காக எடுத்த சி.டி. ஸ்கேனையே திரையில் திறந்து, இடுப்பின் மூன்றாவது முள்ளெலும்பு மட்டத்தில் சதை எவ்வளவு இருக்கிறது என்று காட்டினார். "இந்த உடம்போட போனா தையல் ஆறுறதும் கஷ்டம், சளியை இருமித் துப்பறதும் கஷ்டம். தேத்திக்கிட்டு வாங்க" என்று தேதியைத் தள்ளிப்போட்டார். பல நாட்டு மருத்துவமனைகள் சேர்ந்து செய்து 2023இல் வெளியான ஆய்வு ஒன்றில், பெருங்குடல் ஆபரேஷனுக்கு முன் நான்கு வாரம் உடற்பயிற்சியும் புரதமும் கொடுத்தவர்களில் கடுமையான சிக்கல் 100 பேரில் 17 பேருக்குத்தான் வந்தது. கொடுக்காதவர்களில் 30 பேருக்கு வந்தது. நோயே இல்லாத வயதானவர்கள் 10 நாள் சும்மா படுத்திருந்தாலே காலில் கிட்டத்தட்ட ஒரு கிலோ சதை போய்விடுகிறது. இரண்டையும் அன்று இரவு கூடத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். அதற்குப்பின் அடுப்பு என் கைக்கு வந்தது.

கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும். 70 கிலோ ஆளுக்கு 84 முதல் 105 கிராம். ஒரு டம்ளர் அரிசிக் கஞ்சியில் இரண்டு மூன்று கிராம் தேறினால் அதிகம். ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. முட்டை, முள் எடுத்த மீன், தயிர், பனீர், குழைய வேகவைத்த பாசிப்பருப்பு என்று ஆறு வேளையாகப் பிரித்துக் கொடுத்தேன். சுண்டல், கீரைத்தண்டு பக்கம் போகவில்லை. கட்டி வழியை அடைத்திருந்தால் நார்ச்சத்து ஆபத்து, சர்ஜனைக் கேட்டுக்கொள்ளுங்கள். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களும் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

பயிற்சிக்கு உங்கள் வீட்டு மொட்டை மாடிப் படியே போதும். பிசியோதெரபிஸ்ட் சொன்ன கணக்கில் படி ஏறினார், நாற்காலியில் எழுந்து உட்கார்ந்தார், தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் தூக்கினார். அசதி என்பார். உட்கார வைத்து மோர் கொடுத்து, மறுபடி எழுப்புவேன். கல்நெஞ்சுக்காரி என்று பேர் வாங்கினேன். அதில் எனக்கு வருத்தமே இல்லை. அடுத்த பரிசோதனையில் ஐந்து தடவையும் கை ஊன்றாமல் எழுந்தார். ஆபரேஷன் ஆன மறுநாளே கட்டிலை விட்டு இறங்கி நாற்காலியில் உட்கார்ந்தார்.

இன்னொன்று. ஆபரேஷனுக்கு முந்தின நாள் முழுக்கப் பட்டினி போடுவது பழைய பழக்கம். பொதுவாக, கெட்டி உணவை 6 மணி நேரம் முன்பும், தெளிந்த பானத்தை 2 மணி நேரம் முன்பும் நிறுத்தினால் போதும். சர்க்கரை நோய் இருந்தாலோ, குடல் அடைப்பு இருந்தாலோ கணக்கு மாறும். மயக்க மருந்து டாக்டரிடம் நேராகக் கேளுங்கள், வார்டில் போகிற வருகிறவர்களிடம் கேட்காதீர்கள்.

பார்க்க வருகிறவர்கள் ஹார்லிக்ஸும் ஆப்பிளும் தூக்கிக்கொண்டு வருவார்கள். கூச்சப்படாமல் முன்கூட்டியே போன் போட்டு, ஒரு டிரே முட்டை வாங்கி வரச் சொல்லுங்கள். நாத்தனாரிடமும் அதைத்தான் சொன்னேன். வாங்கி வந்தார்.