சாலையைப் பார்த்து எரியும் விளக்கு

நாற்சந்தியில் நிற்கும் சிவப்பு, மஞ்சள், பச்சை விளக்குகளைப் பற்றி நாம் பாடநூல்களில் அதிகம் படித்ததில்லை. ஒரு கடிகாரமும் மூன்று விளக்குகளும்தானே, அதில் ஆராய என்ன இருக்கிறது என்று எண்ணுவோர் நம்மில் பலர். ஆனால் அந்தக் கடிகாரம் எத்தனை விநாடி ஓட வேண்டும் என்ற கேள்விக்குள் நுழைந்தால், கணிதத் துறை மாணவனான எனக்கு வியப்பே மிஞ்சுகிறது. இப்போது பெருநகரங்களில், வரும் வண்டிகளைப் பார்த்துத் தன் நேரத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் சிக்னல்கள் வந்துள்ளன. அவை எவ்வாறு இயங்குகின்றன, நம் கள்ளக்குறிச்சிக்கு அவை பொருந்துமா என்பதைக் காண்போம்.

உலகின் முதல் போக்குவரத்து விளக்கு 1868ஆம் ஆண்டு லண்டன் நாடாளுமன்றத்தின் அருகே நிறுவப்பட்டது. எரிவாயுவால் எரிந்த அது மறு ஆண்டே வெடித்து, இயக்கிய காவலரைக் காயப்படுத்தியது. பின்னர் மின்விளக்கு வந்தது, கடிகாரத்தோடு இணைந்தது, காவலரின் கைக்கு ஓய்வு கிடைத்தது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். காவலர் கை காட்டும்போது எந்தப் பக்கம் வரிசை நீண்டிருக்கிறது என்று கண்ணால் பார்த்து விடுகிறார். கடிகாரத்துக்குக் கண் கிடையாது. என்றோ ஒரு நாள் எண்ணிச் சென்ற கணக்கை அது நாள்தோறும் ஒப்பித்துக்கொண்டிருக்கிறது.

அந்தக் கணக்குக்கு 1958இல் ஓர் எளிய சூத்திரம் தந்தவர், பிரிட்டன் சாலை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த வெப்ஸ்டர். எல்லாத் திசைகளுக்கும் ஒருமுறை பச்சை வந்து முடியும் காலத்தைச் சுற்று நேரம் என்பர். திசை மாறும்போதெல்லாம் வண்டிகள் கிளம்பத் தயங்குவதால் சில விநாடிகள் வீணாகும். ஒரு சுற்றில் வீணாகும் மொத்த விநாடிகளை ‘வீ’ எனக் கொள்வோம். ஒவ்வொரு கட்டத்திலும் மிக நெரிசலான சாலையில் வரும் வண்டிகளின் எண்ணிக்கையை, தொடர்ந்து பச்சை எரிந்தால் அச்சாலை விடக்கூடிய எண்ணிக்கையால் வகுத்து, கட்டங்கள் அனைத்துக்கும் கூட்டினால் ஒரு பின்னம் வரும். அதை ‘ப’ எனக் கொள்வோம். ‘வீ’யை ஒன்றரையால் பெருக்கி ஐந்தைக் கூட்டி, அதனை ஒன்றிலிருந்து ‘ப’வைக் கழித்து வரும் எண்ணால் வகுக்க வேண்டும். காத்திருப்பு மிகக் குறைவாக இருக்கும் சுற்று நேரம் கிடைத்துவிடும்.

எடுத்துக்காட்டாக, வீணாகும் நேரம் 10 விநாடி என்போம். ‘ப’ 0.6 ஆனால் சுற்று நேரம் 50 விநாடி. ‘ப’ 0.8 ஆனால் 100 விநாடி. 0.9 ஆனால் 200 விநாடி! வண்டிகள் மூன்றில் ஒரு பங்கு கூடும்போது, தேவைப்படும் சுற்று நேரம் இரு மடங்காகிறது. இதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. 0.6க்காக அமைத்த 50 விநாடிக் கடிகாரத்தை 0.8 வந்த நாளிலும் ஓடவிட்டால், வீணாகும் 10 விநாடி போக மீதம் 40 விநாடிதான். அதாவது சுற்றில் சரியாக 0.8 பங்கு. வரும் வண்டியும் போகும் வண்டியும் சமம்; இம்மியும் மிச்சமில்லை. அதற்குமேல் சிறிது கூடினாலும், நெரிசல் தணியும்வரை வரிசை நீண்டுகொண்டே போகும். இதற்குக் காரணம் ஓட்டுநரின் அவசரமன்று, வெறும் வகுத்தல் கணக்கே.

இனி நம் ஊருக்கு வருவோம். கள்ளக்குறிச்சி 2019இல் மாவட்டத் தலைநகரானது. சேலம்–உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலை ஊருக்கு வெளியே புறவழியாகச் சென்றாலும், சேலம், துருகம், சங்கராபுரம், கச்சிராயபாளையம் சாலைகள் சேரும் நான்குமுனை சந்திப்பின் பாரம் குறைந்தபாடில்லை. அப்பாரமும் நாள்தோறும் ஒரே அளவினதன்று. கச்சிராயபாளையத்திலும் மூங்கில்துறைப்பட்டிலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இருப்பதால், அரைவைப் பருவத்தில் கரும்பு ஏற்றிய வண்டிகள் சாலையில் இறங்குகின்றன. இந்திய சாலைப் பேராயம் 1990இல் ஊரகச் சாலைகளுக்கு வகுத்த கணக்கின்படி, ஒரு காரை 1 என்றால் இருசக்கர வண்டி 0.5; பேருந்தும் லாரியும் 3; டிரெய்லர் பூட்டிய டிராக்டர் 4.5, மாட்டுவண்டி 8. பத்து கரும்பு டிராக்டர்கள் சேர்ந்து வந்தால் சாலைக்கு அது நாற்பத்தைந்து கார்கள் வந்தது போலாகும். பருவம் முடிந்ததும் அந்தப் பாரம் மறைந்துவிடும். பொங்கலுக்கு முந்தைய மாலை ஒரு கணக்கு. நள்ளிரவு மற்றொரு கணக்கு. எந்த ஒரு நாளின் எண்ணிக்கையை வைத்து இங்கே கடிகாரத்தைத் திருகுவது?

இதற்கு விடையாக இருவகைக் கருவிகள் உள்ளன. எளியது, வண்டி உணர்ந்து இயங்கும் சிக்னல். சாலையில் புதைத்த கம்பிச்சுருளோ கேமராவோ வண்டி வருவதை உணர்த்தும். குறைந்தபட்சப் பச்சை முடிந்தபின், வண்டி வரவரச் சில விநாடிகள் நீட்டிக்கப்படும். இடைவெளி விழுந்தால், அல்லது உச்ச வரம்பு எட்டினால், பச்சை அடுத்த சாலைக்குப் போகும். மற்றது, பல சந்திப்புகளை ஒரே கணிப்பொறியில் இணைத்து நடத்தும் தகவமைப்பு முறை. 1970களில் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் ‘ஸ்காட்ஸ்’ முறையும், பிரிட்டனில் ‘ஸ்கூட்’ முறையும் உருவாயின. ஸ்கூட் முறையில் சந்திப்புக்கு வெகு முன்னரே வண்டிகளை எண்ணி, பச்சையைச் சில விநாடிகள் கூட்டியும் குறைத்தும் சரிசெய்வார்கள். மாற்றம் ஒவ்வொரு முறையும் சிறிதே. ஒரேயடியாக மாற்றினால் அடுத்த சந்திப்பு குழம்பிவிடும் என்பதே காரணம்.

மேலை நாட்டுக் கருவியை அப்படியே இங்கு கொண்டுவந்து நட முடியாது. அங்கே வண்டிகள் தடம் பிரிந்து ஒன்றன்பின் ஒன்றாக வரும். இங்கோ பேருந்துக்கும் லாரிக்கும் இடையில் நான்கு ஸ்கூட்டர்கள் புகுந்து முன்னே வந்து நிற்கும். கம்பிச்சுருள் பாவம், எதை எண்ணும்? திருவனந்தபுரம் சி-டாக் நிறுவனம் இத்தகைய கலப்புப் போக்குவரத்துக்கென்றே ‘கோசிகாஸ்ட்’ என்னும் முறையை உருவாக்கியது. பெங்களூரில் 165 சந்திப்புகளைத் தேர்ந்து, 2024 முதல் அம்முறைக்கு மாற்றத் தொடங்கினர்.

கள்ளக்குறிச்சிக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை என்பது என் கருத்து. இணைப்பதற்குத் தொடர்ச்சியான பல சந்திப்புகள் இருந்தால்தான் அதன் பயன் தெரியும். ஒற்றைச் சந்திப்புக்கு முதலில் சொன்ன எளிய வகையே போதும், செலவும் குறைவு.

ஆயினும் எந்த வகையை வைத்தாலும் ஒரு கேள்வி நிற்கிறது: அந்தக் கருவி யாரைப் பார்க்கிறது?

கல்வராயன் மலைக்குச் சென்றவர்கள் அறிவார்கள், வெள்ளிமலைச் சாலையின் வளைவுகளில் விளக்கு ஏதுமில்லை. எனினும் அங்கே ஓர் ஒழுங்கு உண்டு. இரு வண்டிகள் ஒதுங்க இடமில்லாத மலைப்பாதையில், இறங்கும் வண்டி ஓரமாக நின்று ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது சட்டமே. ஏற்றத்தில் நின்றுவிட்ட வண்டியை மறுபடி கிளப்புவது கடினம் அல்லவா? எந்தப் பக்கம் வண்டிகள் அதிகம் என்று அவ்விதி கேட்பதில்லை. நிற்பதால் யாருக்குச் சிரமம் அதிகம் என்றே கேட்கிறது.

தகவமைப்பு சிக்னல் கேட்பது முதல் கேள்வியை மட்டுமே. அகலமான பெரிய சாலையை நடந்து கடப்பவர், பொதுவாகக் குறுக்குச் சாலைக்குப் பச்சை எரியும் நேரத்தில் கடக்கிறார். குறுக்குச் சாலையில் வண்டி இல்லையென்றால் கருவி அந்தப் பச்சையை 7, 8 விநாடிகளில் முடித்துவிடும். கணக்குப்படி அது சரி. ஆனால் சாலையின் அகலம் 15 மீட்டர் என்போம். திட்டமிடுவோர் வழக்கமாகக் கொள்ளும் விநாடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் நடந்தாலும் கடக்க 12.5 விநாடி ஆகும். புளி மூட்டையையோ கடுக்காய் மூட்டையையோ தலையில் வைத்து மலையிலிருந்து வந்த மூதாட்டி 0.8 மீட்டர் வேகத்தில் நடந்தால் ஏறத்தாழ 19 விநாடி. அவர் நடுச்சாலையில் நிற்கும்போதே மறுபக்கம் பச்சை வந்துவிடும். பழைய கடிகாரம் அவரைப் பார்க்கவில்லை. ஆனால் எல்லோருக்கும் கொடுத்த நேரத்தை அவருக்கும் கொடுத்தது. புதிய கருவிக்குக் கண் இருக்கிறது, அந்தக் கண் வண்டியை மட்டுமே காண்கிறது.

தீர்வு அரியதன்று. குறைந்தபட்சப் பச்சையை வண்டியைக் கொண்டு அல்லாமல் நடப்பவரைக் கொண்டு நிர்ணயிக்கலாம். பொத்தானை அழுத்தி நேரம் கேட்கும் வசதி வைக்கலாம். பிரிட்டனில் ‘பஃபின்’ எனப்படும் கடவைகளில், மக்கள் இன்னும் கடந்துகொண்டிருப்பதை உணரும் கருவி வண்டிகளுக்குச் சிவப்பை நீட்டிக்கிறது. இவையனைத்தும் சுற்று நேரத்தில் சில விநாடிகளை விழுங்கும் என்பது உண்மை. வெப்ஸ்டரின் ‘வீ’ கூடும். கார்களின் காத்திருப்பும் கூடும். கூடட்டும் என்பேன்.

நம் துறை நண்பர்கள் சிலரோடு சேர்ந்து, அரைவைப் பருவத்தில் ஒரு நாளும் பருவம் முடிந்தபின் ஒரு நாளும் நான்குமுனை சந்திப்பில் கணக்கெடுக்க எண்ணியுள்ளேன். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு வரி. வண்டி வகைக்கு ஒரு கட்டம். நான் வரைந்துள்ள படிவத்தில் மாட்டுவண்டிக்கு அடுத்து மேலும் மூன்று கட்டங்கள் உள்ளன: நடந்து கடப்போர், அவர்களில் சுமையோடு கடப்போர், ஒரே பச்சையில் கடந்து முடிக்க இயலாதோர். உடன் வர விரும்பும் நண்பர்கள் கைக்கடிகாரம் கொண்டு வந்தால் போதும்.