கிருமியின் சுவரைக் கரைக்கும் புரதம்

நெகிரி செம்பிலான் மாநிலத்தில் முன்பு இரப்பர் மரங்கள் நின்ற தோட்டங்கள் பலவற்றில் இன்று செம்பனை வளர்ந்து நிற்கிறது. மட்டை வெட்டிக் குலை இறக்கும் தொழிலாளர்களுக்கு முள் தைப்பது புதிதன்று. முள்ளைப் பிடுங்கி எறிந்துவிட்டு வேலையைத் தொடர்வோரும் உண்டு. தைத்த இடம் வீங்கிச் சீழ் பிடித்த பிறகே கிளினிக்கின் நினைவு வரும்.

இவ்வாறு சீழ் பிடிக்கச் செய்யும் கிருமிகளுள் முக்கியமானது ஸ்டெஃபிலோகோக்கஸ் ஆரியஸ் என்னும் பாக்டீரியா. ஏறத்தாழ மூவரில் ஒருவருடைய மூக்கினுள் அது தீங்கு செய்யாமல் வாழ்கிறது. தோல் கிழிந்தால் உள்ளே நுழைந்து பெருகுகிறது. இரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்தாகிறது. இதற்கு மருத்துவர் ஆண்டிபயாட்டிக் எனப்படும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைக் கொடுக்கிறார். ஆனால், வலி குறைந்ததும் சிலர் மாத்திரையை நிறுத்திவிடுகின்றனர். மிச்சத்தைப் பத்திரப்படுத்தி, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எடுத்துக் கொடுக்கின்றனர். அன்பினால் செய்யும் உதவிதான். எனினும் அது கிருமிக்கே துணைபோகிறது. தேவையற்ற வேளையிலும் அரைகுறை அளவிலும் மருந்தை உட்கொள்ளும்போது, அதைத் தாக்குப்பிடிக்கும் கிருமிகளே எஞ்சிப் பெருகுகின்றன. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 1.27 மில்லியன் பேர் இறந்தனர் என ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர்.

அப்படியானால், இத்தகைய கிருமிகளை வேறு எவ்வாறு அழிப்பது? ‘முள்ளை முள்ளால்தான் எடுக்க வேண்டும்’ என்பர் பெரியோர். பாக்டீரியாவுக்கும் ஒரு முள் உண்டு. அதுவே பாக்டீரியாவை மட்டும் தாக்கும் வைரஸ். 1896ஆம் ஆண்டில் எர்னஸ்ட் ஹான்கின் என்னும் ஆங்கிலேய ஆய்வாளர், கங்கை, யமுனை ஆறுகளின் நீரில் வாந்திபேதிக் கிருமிகள் மடிவதைக் கண்டார். நீரைக் கொதிக்க வைத்தால் அந்த ஆற்றல் மறைந்தது. அதன் காரணம் அன்று விளங்கவில்லை. பாக்டீரியாவை அழிக்கும் வைரஸ் அந்நீரில் இருந்திருக்கலாம் என்று பின்னர் வந்தோர் கருதினர். 1917ஆம் ஆண்டில் ஃபெலிக்ஸ் டெரெல் என்பவர் இத்தகைய வைரஸ்களுக்குப் ‘பாக்டீரியோஃபேஜ்’ என்று பெயரிட்டார். சுருக்கமாக இவை ‘ஃபேஜ்’ எனப்படுகின்றன. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் பெருகியபின் பல நாடுகள் ஃபேஜ்களை மறந்தன.

ஃபேஜ் தன் வாலால் பாக்டீரியாவைப் பற்றிக்கொண்டு, அதன் சுவரில் துளையிட்டுத் தன் மரபுப்பொருளை உள்ளே செலுத்துகிறது. உள்ளே புதிய ஃபேஜ்கள் உருவாகின்றன. அவை வெளியேறும் வேளையில், எண்டோலைசின் என்னும் நொதி சுவரை உள்ளிருந்தே அறுக்கிறது. உள்ளழுத்தத்தைத் தாங்க முடியாமல் பாக்டீரியா வெடித்து மடிகிறது. நொதியும் ஒரு புரதமே. ஆகவே, முழு ஃபேஜையும் பயன்படுத்தாமல், சுவரை அறுக்கும் புரதத்தை மட்டும் தனியே உருவாக்கி மருந்தாக்கலாம் என விஞ்ஞானிகள் எண்ணினர். மனித உயிரணுக்களுக்கு அத்தகைய சுவர் இல்லை. எனவே இப்புரதம் அவற்றை அறுப்பதில்லை.

பெங்களூரில் 2000ஆம் ஆண்டில் ஜானகிராமன் இராமச்சந்திரன் என்னும் விஞ்ஞானி ‘கங்காஜென்’ நிறுவனத்தைத் தொடங்கினார். கங்கையின் பெயரைத் தாங்கிய அந்நிறுவனம் ‘பி128’ என்னும் புரதத்தை உருவாக்கியது. அதில் இரு பகுதிகள் உள்ளன. சுவரை வெட்டும் பகுதி, ‘கே’ என்னும் ஃபேஜின் வாலில் உள்ள நொதியிலிருந்து பெறப்பட்டது. சுவரைப் பற்றிக்கொள்ளும் பகுதி, லைசோஸ்டாஃபின் என்னும் மற்றொரு புரதத்திலிருந்து எடுக்கப்பட்டது. பல மருந்துகளுக்கு அடங்காத ஸ்டெஃபிலோகோக்கஸ் வகைகளையும் பி128 ஆய்வுக்கூடத்தில் விரைவாகக் கொன்றது.

ஆயினும், இப்புரதங்களுக்கும் எல்லை உண்டு. சிலவகைப் பாக்டீரியாக்களின் சுவருக்கு வெளியே மேலும் ஒரு சவ்வு இருக்கிறது; வெளியிலிருந்து வரும் புரதம் அதைக் கடப்பது கடினம். மேலும், ஒரு புரதம் ஆய்வுக்கூடத்தில் வெற்றி பெற்றாலும், அது மனிதருக்குப் பாதுகாப்பானது, பயனுள்ளது என்று மெய்ப்பிக்கப் பல ஆண்டுகள் ஆகும்.

அதுவரை, இருக்கும் மருந்துகளின் ஆற்றலைக் காப்பது நம் கையில்தான் உள்ளது. முள் தைத்த இடத்தைச் சவர்க்காரமிட்டுக் கழுவுதல், வீக்கம் கண்டவுடன் கிளினிக்கிற்குச் செல்லுதல், மருத்துவர் சொன்ன அளவிலும் நாளிலும் மருந்தை உட்கொள்ளுதல், ஒருவர் மருந்தை மற்றவருக்குக் கொடுக்காதிருத்தல் ஆகியவை தோட்டத்து வீட்டிலும் நகரத்து வீட்டிலும் எவரும் செய்யக்கூடியவை. புதிய மருந்து வரும்போது, அதையும் இதே கவனத்தோடு பயன்படுத்தினால்தான் அது நெடுநாள் நமக்குப் பயன்படும்.