மரத்தை மொட்டையடிக்காமல் கழித்துவிடுவது எப்படி? கடத்தூர் பக்கத்து வீட்டு மரங்களுக்குச் சில குறிப்புகள்

கடத்தூர், பொம்மிடி, மொரப்பூர் பக்கம் சித்திரை வைகாசியில் பகலெல்லாம் வெயில் காயும். சாயங்காலம் திடீரென்று சூறைக்காற்று கிளம்பும், பின்னாலேயே கோடை மழை வரும். அந்தக் கொஞ்ச நேரக் காற்றில்தான் வேப்பங்கிளை முறிந்து ஓட்டின் மேல் விழுகிறது, புளியங்கிளை மின்கம்பியை இழுத்துக்கொண்டு சாய்கிறது. அதற்குப் பயந்து பல வீடுகளில் ஆளைக் கூப்பிட்டு மரத்தின் தலையை ஒட்ட வெட்டிவிடுகிறார்கள். இதனால் ஆபத்து போய்விடுவதில்லை. நான்கைந்து வருடம் கழித்து முன்னைவிடப் பெரிதாகத் திரும்பி வருகிறது. மரத்தையும் காப்பாற்றி வீட்டையும் காப்பாற்றிக்கொள்ள முறை இருக்கிறது.

1. மொட்டையடிக்கவே வேண்டாம். இந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். இலைதான் மரத்துக்குச் சோறு ஆக்குகிறது. மொத்த இலையும் போனதும் மரம் பதறிப்போய், சேமித்து வைத்திருந்த சத்தையெல்லாம் செலவழித்து, வெட்டிய முண்டத்தைச் சுற்றிப் பத்து இருபது துளிர்களைத் தள்ளும். "பாருங்க, எப்படித் தழைச்சிருக்கு" என்று நாமும் மகிழ்ந்துபோகிறோம். இயல்பாக வளர்ந்த கிளைக்குத் தண்டின் உள்ளே வரை பிடிமானம் உண்டு. இந்தத் துளிர்கள் பட்டைக்கு அடியில் மேலோட்டமாகத்தான் ஒட்டியிருக்கும். அவை கை கனம், தொடை கனம் ஆகும்போது, கீழே இருக்கும் பழைய வெட்டுமுகத்தில் நீர் இறங்கி மரம் உளுத்துப்போயிருக்கும். மேலே பாரம், கீழே உளுத்த கட்டை என்று நிற்கும்போது அடுத்த சூறைக்காற்று வந்தால் கிளை பிய்ந்து விழாமல் என்ன செய்யும்? அதுவரை நிழலில் இருந்த பட்டையில் திடீரென்று உச்சி வெயில் படுவதால் பட்டை வெடித்துப் பூஞ்சைக்கும் வண்டுக்கும் வழி திறப்பது இன்னொரு கேடு.

2. மாசியில் ஒருநாள் மரத்தைச் சுற்றிவந்து பாருங்கள். வேம்பும் புங்கனும் இலை உதிர்க்கும் காலம் அது, கிளைகளின் அமைப்பு கண்ணுக்குத் தெரியும். காய்ந்த கிளை, ஒன்றோடொன்று உரசும் கிளை, முறிந்து தொங்கும் கிளை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அடிமரத்தைப் பாருங்கள். தூரில் காளான் முளைத்திருக்கிறதா? ஒரு பக்கம் மண் மேலெழும்பி, மறுபக்கம் வெடிப்பு விட்டிருக்கிறதா? முன்பு நேராக நின்ற மரம் இப்போது சாய்ந்திருக்கிறதா? இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் கிளை வெட்டிப் பயனில்லை. வேரே பழுதாகியிருக்கலாம். வனத்துறையிலோ தோட்டக்கலைத் துறையிலோ விவரம் தெரிந்தவரைக் கூட்டிவந்து காட்டுங்கள்.

3. கவட்டையைக் கவனியுங்கள். இரண்டு பெரிய கிளைகள் அகலமாக விரிந்து பிரிந்தால் பயமில்லை. ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு குறுகலாக மேலேறினால், நடுவில் பட்டை உள்ளே மடிந்து மாட்டிக்கொள்ளும். அந்த இடத்தில் மரத்தோடு மரம் சேர்வதே இல்லை. மழையில் இலையெல்லாம் நனைந்து பாரம் ஏறியதும் அங்கேதான் பிளக்கும். மரம் சின்னதாக இருக்கும்போதே இரண்டில் ஒன்றை எடுத்துவிட வேண்டும். பெரிய மரம் என்றால் ஒரு கிளையின் நீளத்தைப் பக்கக் கிளை வரை குறைத்துப் பாரத்தை இறக்கலாம்.

4. காலம் பார்த்து வெட்டுங்கள். வேம்பு, புங்கன், வாகை போன்றவற்றுக்குத் தையிலிருந்து மாசி வரை நல்ல நேரம். புதுத் துளிர் வருமுன் வேலை முடியும், கோடைக் காற்றுக்கு முன்பே பாரமும் இறங்கிவிடும். புளியைப் பழம் உலுக்கி முடித்த கையோடு பார்த்துவிடுங்கள். சித்திரை வைகாசி உச்சி வெயிலிலும், ஐப்பசி கார்த்திகையில் விடாமல் மழை பிடித்திருக்கும்போதும் பச்சைக் கிளையைத் தொட வேண்டாம். பட்டுப்போன கிளைக்குக் காலம் கிடையாது. கண்ட அன்றைக்கே எடுக்கலாம்.

5. வெட்டும் இடம்தான் எல்லாம். கிளை தண்டோடு சேரும் இடத்தில் மோதிரம் போட்ட மாதிரி ஒரு தடிப்பு இருக்கும். அதைத் தொடாமல், அதற்கு வெளிப்பக்கமாக ஒட்டி வெட்ட வேண்டும். தண்டோடு வழித்து வெட்டினால் தடிப்பும் போய் காயம் பெரிதாகிவிடும். ஒரு முழம் முண்டு விட்டு வெட்டினாலோ அந்த முண்டு காய்ந்து, உளுத்து, நோயை உள்ளே இறக்கும். அமெரிக்க வனத்துறையில் வேலை பார்த்த அலெக்ஸ் ஷைகோ என்ற ஆய்வாளர் ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் அறுத்துப் பார்த்து 1970களில் ஓர் உண்மையை நிலைநாட்டினார். மரத்தில் காயம் பழையபடி கூடுவதில்லை. மரம் அந்த இடத்தைச் சுற்றி உள்ளுக்குள் தடுப்பு எழுப்பி அழுகலை அடைத்துவைக்கிறது, வெளியே புதுப் பட்டையால் மூடுகிறது. அந்தத் தடுப்பு எழும்பும் இடமே இந்தத் தடிப்புதான். அதை வெட்டி எறிந்துவிட்டு மரம் பிழைக்கவில்லையே என்று வருத்தப்படுவதில் அர்த்தமில்லை.

6. கனத்த கிளைக்கு மூன்று வெட்டு. மணிக்கட்டுக்கு மேல் பருமன் உள்ள கிளையை ஒரே வெட்டில் இறக்கினால், விழும்போது அடிப்பட்டையைக் கீழே வரை உரித்துக்கொண்டு போகும். தண்டிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, கிளையின் அடிப்பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழம் ரம்பம் போடுங்கள். அதற்கு இரண்டு மூன்று விரல் வெளியே மேலிருந்து அறுத்தால் கிளை சுத்தமாக முறிந்து விழும். மிச்சமிருக்கும் முண்டைக் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு தடிப்பை ஒட்டி அறுத்து எடுங்கள்.

7. ஒரு வருடத்தில் பச்சை இலைப் பரப்பில் கால் பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. வயதான மரத்தில் அதையும் குறைத்துக்கொள்ளுங்கள். உள்பக்கக் கிளைகளையெல்லாம் வழித்துவிட்டு நுனியில் மட்டும் இலை விடுவதும் தவறு. பாரமெல்லாம் நுனிக்குப் போய் கிளை ஆடி முறியும். நம் பக்கத்து வெற்றிலைக் கொடிக்கால்களில் அகத்தியைக் கழிப்பவர்களைப் பாருங்கள். கொடிக்கு வெளிச்சமும் வேண்டும், வெயிலும் தாக்கக் கூடாது என்று அளந்து கழிப்பார்கள். அந்தக் கைப்பக்குவம் வீட்டு மரத்துக்கும் வேண்டும்.

8. வெட்டிய இடத்தில் தார், பெயின்ட், சாணி எதுவும் பூச வேண்டாம். ஈரத்தை உள்ளே அடைத்து அழுகலை வளர்க்கத்தான் அவை உதவும். சரியான இடத்தில் சுத்தமாக வெட்டினால் மரமே மூடிக்கொள்ளும். மா போன்ற பழமரங்களில் பெரிய காயமாகிவிட்டால் மட்டும் வேளாண்துறையினர் சொல்லும் போர்டோ பசையைத் தடவலாம். மயில்துத்தம் 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 10 லிட்டர் என்பது அதன் அளவு. இரும்புப் பாத்திரத்தில் கலக்கக் கூடாது.

9. ரம்பமும் கவாத்துக் கத்தரியும் கூராக இருக்கட்டும். அரிவாளால் கொத்தினால் வெட்டுமுகம் நார் நாராகக் கிழியும். நோய் கண்ட மரத்தில் வெட்டிய கருவியை ஸ்பிரிட்டால் துடைக்காமல் அடுத்த மரத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.

10. வேம்பின் நுனி கருகினால் மரத்தை வெட்டிவிடாதீர்கள். மழைக்காலத்தை ஒட்டி வேப்பங்கொழுந்துகள் தீ பட்டதுபோல் பழுத்துக் கருகுவதைப் பார்த்துப் பலர் மரமே செத்துவிட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். தேயிலைக் கொசு என்னும் நாவாய்ப்பூச்சி சாறு உறிஞ்சுவதாலும், ஃபோமாப்சிஸ் என்ற பூஞ்சையாலும் வருவது இது. வளர்ந்த மரங்கள் பெரும்பாலும் அடுத்த பருவத்தில் துளிர்த்துவிடும். எட்டும் உயரத்தில் உள்ள கருகிய நுனிகளை, பச்சை தெரியும் இடம் வரை வெட்டி எரித்துவிடுங்கள். உயரத்தில் இருப்பவற்றை மரத்தின் பொறுப்பில் விடலாம்.

11. மாமரத்தை அறுவடை முடிந்த பின், ஆகஸ்ட், செப்டம்பரில் கவாத்து செய்யுங்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை என்று பரிந்துரைக்கிறது. நெருக்கமான, குறுக்கே ஓடும், காய்ந்த கிளைகளை எடுத்து நடுவில் வெளிச்சம் இறங்கச் செய்தால் போதும். ஒட்டுக்குக் கீழே தூரில் கிளம்பும் துளிரையும் கிள்ளிவிடுங்கள். மார்கழியில் அழகுக்காக நுனிகளைச் சமமாக வெட்டினால் அந்த வருடப் பூவையே வெட்டியதாகும். கொய்யாவுக்குக் காய்ப்பு ஓய்ந்த கிளையின் நுனியை அரையடி குறைத்தால் பக்கக் கிளை வந்து காய் பெருகும். செடிமுருங்கையை இரண்டரை அடியில் நுனி கிள்ளுங்கள். முருங்கை எளிதில் முறியும், அதன் மேல் ஏறாதீர்கள்.

12. தென்னையில் பச்சை மட்டையை வெட்டாதீர்கள். மற்ற மரங்களைப்போல் காயத்தைப் புதுப் பட்டையால் மூடும் அமைப்பு தென்னைக்குக் கிடையாது. பச்சைக் காயத்தின் வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு தேடி வரும். வெட்டியே ஆக வேண்டும் என்றால் தண்டிலிருந்து நான்கடி மட்டையை விட்டு வெட்டுங்கள்.

13. ஆட்டுக்குத் தழை ஒடிக்கும்போதும் இதே நிதானம் வேண்டும். வறட்சியில் ஆடு பிழைக்கத் தழை வேண்டும்தான், மறுப்பதற்கில்லை. ஒரே மரத்தைத் தினமும் மொட்டையாக்காமல் மரத்துக்கு மரம் மாறி, விரல் கனக் கிளைகளை மட்டும் கத்தியால் வெட்டுங்கள். தொரட்டியில் மாட்டி இழுத்துக் கிழிப்பதுதான் மரத்துக்கு அதிகக் கேடு.

14. கிளையைவிட வேர் முக்கியம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது குல்மோகரும் பெருங்கொன்றையும் தூங்குமூஞ்சியும் வரிசையாகச் சாய்ந்தன. மேலோட்டமான வேரும் பரந்த தலையும் ஒரு காரணம். தூரைச் சுற்றிச் சிமென்ட் போட்டதும், குழாய்க்கும் கால்வாய்க்கும் பள்ளம் தோண்டி ஒரு பக்க வேரை அறுத்ததும் இன்னொரு காரணம். நம் தெருவில் பள்ளம் தோண்ட வந்தால் மரத்தை விட்டு எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளித் தோண்டச் சொல்லுங்கள். வாசலுக்குக் கான்கிரீட் போடும்போது தூரைச் சுற்றி ஒரு மீட்டராவது மண்ணாக விடுங்கள்.

15. இளங்கன்றைச் சின்ன வயதிலேயே நெறிப்படுத்துங்கள். நடுத்தண்டு ஒன்றே ஒன்று மேலே போகட்டும், போட்டிக்கு வருவதைக் கிள்ளுங்கள். கீழ்க்கிளைகளை அவசரப்பட்டு வழிக்காதீர்கள், தண்டு பருப்பது அவற்றால்தான். ஆண்டுக்குக் கொஞ்சமாக எடுக்கலாம். கன்றுக்கு வைத்த இரும்புக்கூண்டையும் கட்டுக்கம்பியையும் காலத்தில் அகற்றுங்கள். தண்டு பெருத்துக் கூண்டைத் தின்றுகொண்டு நிற்கும் மரங்கள் எத்தனை தெருக்களில் இருக்கின்றன!

16. மின்கம்பி அருகே கை வைக்காதீர்கள். பச்சைக் கிளையிலும் ஈரக் கயிற்றிலும் மின்சாரம் பாயும், அலுமினிய ஏணியைக் கேட்கவே வேண்டாம். மின்வாரியத்தின் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தால் பராமரிப்பு மின்தடை நாளில் அவர்களே வந்து கழிப்பார்கள். மின்னகம் எண் 94987 94987. 'இன்று கரண்ட் இல்லை' என்று நாமே ஏறுவதும் தவறு. சொன்ன நேரத்துக்கு முன்பே மின்சாரம் வந்துவிடலாம். கிளை கம்பியோடு விழுந்து கிடந்தால் கிட்டே போகாமல், ஆட்களையும் ஆடுமாடுகளையும் தள்ளி நிறுத்துங்கள். மரம் விழுந்து பெரிய சேதம் என்றால் மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை எண் 1077.

17. ஏறுமுன் கூடு இருக்கிறதா பாருங்கள். காக்கையும் குயிலும் முட்டையிடும் கோடை மாதங்களில் அவசரமில்லாத வெட்டைத் தள்ளிப்போடலாம். தேன்கூடு இருந்தால் வேலையை நிறுத்துங்கள், கூலிக்கு வந்தவர் உயிர் அது. பொந்துள்ள கிளை கீழே ஆள் நடமாட்டம் இல்லாத பக்கம் இருந்தால் ஆந்தைக்கும் கிளிக்கும் விட்டுவிடுங்கள்.

18. யாருடைய மரம் என்று தெரிந்துகொள்ளுங்கள். நம் வாசலில் நிழல் தந்தாலும் சாலையோரப் புளியமரம் நம்முடையதல்ல. சாலையைப் பொறுத்துப் பேரூராட்சியோ நெடுஞ்சாலைத் துறையோதான் வெட்ட வேண்டும். பொது இடத்து மரத்தை அகற்ற மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி தேவை. சேர்வராயன் மலையடிவாரத்தை ஒட்டிய நிலங்களில் பறவை எச்சத்தில் சந்தனம் தானாக முளைப்பதுண்டு. சொந்தப் பட்டாவில் இருந்தாலும் வனத்துறையைக் கேட்காமல் அதை வெட்டக் கூடாது.

19. கூலியைப் பணமாகக் கொடுங்கள். நம் ஊர்களில் "விறகை நீயே எடுத்துக்கோ" என்று பேசி முடிப்பது வழக்கம். விறகே கூலி என்றால் வெட்டுபவர் கனத்த கிளையைத்தான் தேடுவார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? எந்தெந்தக் கிளை என்று முதல்நாளே சுண்ணாம்பால் குறி வைத்து, இடுப்புக் கயிறும் கீழே ஓர் ஆளும் இருப்பதை உறுதி செய்து, பேசிய கூலியைக் கையில் கொடுங்கள். வேலை முடியும் நேரத்தில் அவர் மேலிருந்து, "அக்கா, தலையையும் எடுத்துடலாங்களா? மூணு வருசத்துக்குத் தொல்லை இருக்காது" என்று கேட்பார். "வேண்டாம்ணா, குறி வெச்சது மட்டும் போதும், இறங்கிடுங்க" என்று தயங்காமல் சொல்லிவிடுங்கள்.