எட்டு விளக்கும் ஓர் இயக்குநரும்

அன்பு மருமகளுக்கு,

உன் கடிதத்தில் இரண்டு குறைகள் இருந்தன. கல்லூரி அரங்கில் உருப்படியாக எரிபவை எட்டே விளக்குகள். இயக்கும் சீனியர் மாணவரோ இரவுக் காட்சி முழுக்க மேடை நீலமாக இருக்க வேண்டும் என்கிறார். முகம் தெரியாது என்று நீ சொன்னால் காதில் வாங்குவதில்லை. இரண்டையும் தனித்தனித் தலைவலியாக எழுதியிருக்கிறாய். மேடை ஒளியின் வரலாற்றில் இவை பெரும்பாலும் சேர்ந்தேதான் வந்திருக்கின்றன. விளக்கு தாராளமாக இருக்கும்போது இயக்குநர் கேட்டதையும் போடலாம், நீ நினைத்ததையும் போடலாம். குறைவாக இருக்கும்போது, இந்த நிமிடத்தில் பார்வையாளர் எதைப் பார்த்தாக வேண்டும் என்று இருவரும் உட்கார்ந்து பேசியே தீர வேண்டும்.

1937 ஜூன் 16, நியூயார்க். மார்க் பிளிட்ஸ்டீன் எழுதிய ‘தி கிரேடில் வில் ராக்’ இசை நாடகத்தை ஆர்சன் வெல்ஸ் இயக்கியிருந்தார். அரசு உதவியில் தயாரான நாடகம். கண்ணாடித் தளத்துக்கு அடியிலிருந்து ஒளிரும் நகரும் மேடைகள், பெரிய வாத்தியக்குழு என்று எல்லாம் தயார். அரங்கேறும் நேரத்தில் அரசு அலுவலகம் தடை போட்டது, அரங்கம் பூட்டப்பட்டது. ஜீன் ரோசந்தால் என்ற இளம்பெண்ணிடம் எங்கிருந்தாவது ஒரு பியானோவைப் பிடிக்கச் சொன்னார்கள். பியானோ கிடைத்தது, வைக்க அரங்கம் இல்லை. அதை லாரியில் ஏற்றிக்கொண்டு நகரைச் சுற்றி வந்தார் அவர். கடைசி நேரத்தில் வெனிஸ் என்ற பெயர் கொண்ட பழைய அரங்கம் ஒன்று கிடைத்தது. கூட்டம் தெருத்தெருவாக நடந்தே அங்கு போய்ச் சேர்ந்தது.

நடிகர்கள் மேடை ஏறக் கூடாது என்று அவர்களுடைய சங்கமும் சொல்லிவிட்டது. மேடையில் பிளிட்ஸ்டீன் மட்டும் பியானோவோடு உட்கார்ந்தார். முதல் பாட்டு தொடங்கியபோது, நாயகியாக நடிக்க வேண்டிய ஆலிவ் ஸ்டான்டன் பார்வையாளர் நடுவே தன் இருக்கையிலிருந்து எழுந்து பாடினார். ஒளியமைப்பாளர் ஏப் ஃபெடர் கையில் இருந்த ஸ்பாட் விளக்கு மேடையை விட்டுத் திரும்பி, அந்தக் குரலைத் தேடிப் போய் அவர் மேல் விழுந்தது. அடுத்தடுத்து அரங்கத்தின் வெவ்வேறு மூலைகளில் நடிகர்கள் எழ எழ, ஒளியும் தேடிக்கொண்டே போனது. ஒளிரும் மேடைகளோடு திட்டப்படி நடந்திருந்தால் இந்த நாடகத்தை இன்றைக்கு எத்தனை பேர் நினைவில் வைத்திருப்பார்கள்? அந்த ஒரு ஸ்பாட்டால்தான் அது நாடக வரலாற்றில் நின்றது என்றே சொல்லலாம்.

அதே ஆண்டு நவம்பரில் வெல்ஸ் ‘ஜூலியஸ் சீசர்’ போட்டார். இம்முறை ஒளி ரோசந்தாலுடையது. அவருக்கு 25 வயது. திரை இல்லை, அரண்மனைத் தூண்கள் இல்லை. அடர்சிவப்பு பூசிய பின்சுவர், சில தளங்கள், தரையிலிருந்து மேல்நோக்கிப் பாயும் ஒளிக்கம்பங்கள், அவ்வளவுதான். நாஜிகளின் நியூரம்பர்க் கூட்டங்களைப் பார்வையாளருக்கு நினைவூட்டிய ஒளி அது. சின்னா என்ற கவிஞனைக் கும்பல் சூழும் காட்சி ஒத்திகையில் சரிப்படவே இல்லை. வெல்ஸ் அதை எடுக்கவும் திரும்பச் சேர்க்கவுமாக இருந்தார். இறுதியில் நின்ற வடிவத்தில், வெளிச்சத்தில் தனியாக நிற்கும் கவிஞனை நோக்கி இருட்டுக்குள்ளிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக வந்து நெருக்குகிறார்கள். மேடையின் பெரும்பகுதியை இருட்டாக விட்டதில்தான் அந்தக் காட்சியின் பயம் இருந்தது.

நொடிக்கு நொடி மனம் மாறும் இயக்குநரோடு ரோசந்தால் எப்படித் தாக்குப்பிடித்தார் என்று நீ கேட்கலாம். அவருடைய பலம் காகிதத்தில் இருந்தது. எந்த விளக்கு எங்கே தொங்குகிறது, எதை நோக்குகிறது, எந்த வரியில் எவ்வளவு ஏறுகிறது என்பதெல்லாம் வரைபடமாகவும் பட்டியலாகவும் இருக்கும். ஒளியமைப்பை இப்படி ஆவணப்படுத்தும் பழக்கம் அமெரிக்க அரங்கில் வேரூன்றியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. மாற்றச் சொன்னால் எதை மாற்றினால் எது கெடும் என்று உடனே பார்த்துச் சொல்ல முடிந்தவருக்குக் குரலை உயர்த்த வேண்டிய தேவையே வரவில்லை. மின்பணியாளர்களிடம் அவர் மரியாதையாகப் பேசியதைப் பற்றி அவரோடு வேலை செய்தவர்கள் பிற்காலத்திலும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நம் நாட்டில் கொல்கத்தாவின் தாபஸ் சென் (1924–2006). நல்ல கருவிகள் கைக்கு எட்டாத காலத்தில் தகர டப்பாவுக்குள் பல்பைப் பொருத்தி விளக்கு செய்துகொண்டவர். 1959இல் மினர்வா அரங்கில் உத்பல் தத்தின் ‘அங்கார்’ நாடகத்தில், நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வெள்ளம் ஏறித் தொழிலாளர்கள் மூழ்குவதை ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் ஒளியாலேயே காட்டினார். ஒளியைப் பார்ப்பதற்கென்றே மக்கள் வந்தார்கள். ஒளி நாடகத்தை விழுங்கிவிடுகிறது என்ற முணுமுணுப்பும் எழுந்தது. அதே தாபஸ் சென்தான் சோம்பு மித்ராவின் ‘ரக்தகரபி’க்கும் ஒளி அமைத்தவர். வித்தை காட்டத் தெரிந்தவர், இயக்குநருக்கு இயக்குநர் தன் கையை அடக்கவும் தெரிந்திருந்தார். இந்த இரண்டாவது திறமையைத்தான் உன் வயதில் யாரும் சொல்லித்தருவதில்லை.

இனி உன் நீல இரவு. எட்டும் ஆயிரம் வாட் பார் விளக்குகள் என்று எழுதியிருக்கிறாய். அடர்நீல ஜெலட்டின் வண்ணத்தாள் ஒளியின் பெரும்பகுதியைத் தானே விழுங்கிவிடும். எட்டையும் நீலமாக்கினால் மின்சாரம் முழுதாகச் செலவாகும், மேடைக்குக் கொஞ்சம்தான் வந்து சேரும். இரண்டு விளக்குகளை மட்டும் பின்னாலிருந்து நீலமாக விழச் செய். தோளிலும் தலைமுடியிலும் ஒரு விளிம்பு கிடைக்கும், இருட்டு இரவாகிவிடும். முகத்துக்குப் பக்கவாட்டில் ஒன்றை வை. ஹாலஜனை மங்கலாக்க மங்கலாக்க அது மஞ்சளாகும். வெளிர்நீல ஜெலட்டின் ஒன்று போட்டால் நிலா வெள்ளைக்குக் கிட்டே வரும். அது போதவில்லையென்றால் வாட்டைக் கூட்டுவதற்கு முன் விளக்கைக் கிட்டே கொண்டுவா. ஆறு மீட்டரில் இருப்பதை மூன்று மீட்டருக்குக் கொண்டுவந்தால் ஒளி ஏறத்தாழ நான்கு மடங்காகும், பரவும் இடம் மட்டும் சுருங்கும். மிச்சம் ஐந்து விளக்குகள் மற்ற காட்சிகளுக்கு உன் கையில் இருக்கும்.

நாயகிக்குச் சிவப்புப் புடவை என்றும் எழுதியிருந்தாய். அடர்நீலத்தில் சிவப்பு கிட்டத்தட்ட கறுப்பாகத் தெரியும். இதை வாயால் சொல்லி வாதாடாதே. அந்தப் புடவையை ஒருத்தியிடம் கொடுத்து நீல விளக்கில் நிற்கவைத்து, இயக்குநரைக் கடைசி வரிசையில் உட்காரச் சொல். இரவுக் காட்சிக்கு முந்தைய சந்தைக் காட்சியின் வெளிச்சத்தை ஒரு நிமிடம் ஓடவிட்டு, அதன் பிறகு இரவுக்கு வா. பளிச்சென்ற காட்சிக்குப் பிறகு கண் பழகுவதற்கு நேரம் எடுக்கும். ஒளியைத் தனிக் காட்சியாகப் பார்த்துத் தீர்மானிக்கும் இயக்குநர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். அவர் சொன்னதையும் நீ சொல்வதையும் அதே வரிசையில், அதே நடிகையை வைத்து இரண்டு முறை காட்டிவிடு. பாதிச் சண்டை அங்கேயே முடியும்.

நடிகர்கள் சுற்றி நிற்கும்போது ‘முடியாது’ என்ற சொல்லை எடுக்காதே. குறித்துக்கொள், இடைவேளையில் தனியாகப் பேசு. அவர் ‘நீலம்’ என்றால் அவருக்கு வேண்டியது குளிரா, தனிமையா, பயமா என்று கேள். மூன்றுக்கும் மூன்று விதமான ஒளி உண்டு, அவற்றில் எதற்கும் எட்டு நீல விளக்கு தேவைப்படாது. எல்லாம் காட்டிய பிறகும் தன் முடிவிலேயே நின்றால், அவர் கேட்டதை உன்னால் முடிந்த அளவு அழகாகச் செய்துகொடு. நாடகம் அவருடைய பொறுப்பு. உன் வரைபடத்தை மட்டும் கிழித்துப் போடாதே. சுவிட்சர்லாந்துக்காரர் அடால்ஃப் அப்பியா, வாக்னரின் இசை நாடகங்களுக்கு வரைந்த திட்டங்களை வாக்னரின் மனைவி கோசிமா ஏற்கவில்லை. தீட்டிய திரைகளை எடுத்துவிட்டு ஒளியை நம்புங்கள் என்று அப்பியா புத்தகமாகவே எழுதிவைத்தார். 1928இல் அவர் காலமானார். 1951இல் வாக்னரின் பெய்ரூத் அரங்கில் அவருடைய பேரன் வீலண்ட் வெறும் மேடையையும் ஒளியையும் வைத்து நாடகம் போட்டபோது, பலருக்கும் அப்பியாவின் வரைபடங்கள்தான் நினைவுக்கு வந்தன.

இயக்குநர் சொன்னாலும் நீ விட்டுக்கொடுக்கக் கூடாத இடம் ஒன்றே ஒன்று. எட்டும் முழுதாக எரிந்தால் 8,000 வாட், 230 வோல்ட்டில் சுமார் 35 ஆம்பியர். ஒரு 15 ஆம்பியர் பிளக் பாயின்ட் மூன்று விளக்குக்கு மேல் தாங்காது. ஒரே பாயின்ட்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு எல்லாவற்றையும் ஓட்டச் சொன்னால் மறுத்துவிடு. வரும் ஒத்திகைக்கு முன் கல்லூரி எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிபார்க்கச் சொல். மேலே தொங்கும் ஒவ்வொரு விளக்குக்கும் கொக்கியைத் தவிர ஒரு பாதுகாப்புச் சங்கிலி இருக்கிறதா என்று நீயே ஏணி ஏறிப் பார்.

அன்புடன்,
மாமா