சாலையில் ஓடும் பச்சை அலை

ஒரு நேர்சாலையில் இரண்டு நாற்சந்திகள். இடையே 400 மீட்டர். இரண்டிலும் 40 வினாடி பச்சை, 40 வினாடி சிவப்பு. (மஞ்சளை இப்போதைக்கு மறந்துவிடுவோம்.) இரண்டு விளக்குகளும் ஒரே நேரத்தில் பச்சையானால் நல்லது என்று உங்களுக்குத் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகம் என்பது வினாடிக்கு 10 மீட்டர். பச்சை விழுந்ததும் புறப்பட்ட பஸ் 40 வினாடியில் அடுத்த சந்தியை அடையும். அப்போதுதான் அங்கே சிவப்பு விழுகிறது! பின்னால் வரும் வண்டிகளும் அதே சிவப்பில் மாட்டிக்கொள்ளும்.

சரி, இரண்டாவது விளக்கை 40 வினாடி தாமதமாகப் பச்சையாக்குவோம். பஸ் நிற்காமலே போய்விடும். தூரத்தை வேகத்தால் வகுத்து, இப்படி ஒவ்வொரு சந்திக்கும் தாமதம் கொடுத்தால், பச்சை ஒளி வண்டிகளுக்கு வழிகாட்டி ஓடுவது போலிருக்கும். இதுவே 'பச்சை அலை'. அவசரக்காரர் ஒருவர் இரு மடங்கு வேகத்தில் பறந்தால் 20 வினாடியில் போய்ச் சேர்வார். மீதி 20 வினாடி சிவப்பின் முன் நிற்பார்.

ஆனால் அந்தச் சந்தியில் குறுக்குத் தெருவிலிருந்து திரும்பிய 6 வண்டிகள் ஏற்கெனவே நின்றால்? ஒவ்வொன்றும் நகர ஏறத்தாழ 2 வினாடி ஆகும். ஆகவே விளக்கு 12 வினாடி முன்னதாகவே பச்சையாக வேண்டும். நிற்கும் வண்டிகளின் எண்ணிக்கை சுற்றுக்குச் சுற்று மாறும். அதனால்தான் பல நகரங்களில் சாலைக்கு அடியில் கம்பிச் சுருளைப் புதைத்து வண்டிகளை எண்ணுகிறார்கள். மேலே உலோகம் வந்தால் சுருளின் மின் தூண்டல் மாறும். கம்ப்யூட்டர் அதை அறிந்து நேரத்தைத் திருத்தும்.

இனி எதிர்த்திசையைப் பாருங்கள். 400 மீட்டரில் நமக்கு அதிர்ஷ்டம்: 40-ஆவது வினாடியில் அங்கிருந்து கிளம்பியவர் 80-இல் இங்கே வருகிறார், மறுபடி பச்சை. தூரம் 200 மீட்டரானால் தாமதம் 20 வினாடி. எதிரே 20 முதல் 60 வரை பச்சையில் கிளம்பியவர்கள் 40 முதல் 80 வரை இங்கே வருவார்கள். அந்த நேரம் முழுவதும் சிவப்பு! ஒருவர்கூடத் தப்ப முடியாது. வரைபடத் தாளில் கிடையாக நேரத்தையும் நெடுக்காகத் தூரத்தையும் குறித்துக் கோடு போட்டால் தெளிவாகத் தெரியும்.

ஆகவே அலை யாருக்கு என்று முடிவு செய்தாக வேண்டும். டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில், நோரெபுரோ சாலையில் 2007-இல் அதைச் சைக்கிளுக்குக் கொடுத்தார்கள். வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர். காலையில் நகர மையத்தை நோக்கி, மாலையில் வெளிப்புறம் நோக்கி. நம் 400 மீட்டரில் இந்த அலைக்கு 72 வினாடி ஆகும். 40 வினாடியில் வந்து சேரும் கார், சைக்கிள்காரருக்காக 32 வினாடி காத்திருக்கும்.