பழமரம் காத்தல்: கிராமத்து ஆலமரத்தைப் பற்றிய ஒரு பாடம்



தாயில்பட்டியும் அதனைச் சூழ்ந்த வெம்பக்கோட்டைப் பிரதேசமும் மழை குறைந்த வெய்யிற் பூமியாகும். இத்தகைய நாட்டில் முதிய ஆலமரம் ஒன்று நிற்குமாயின், அது அக்கிராமத்தாரின் பொதுச் சொத்தென்பதில் ஐயமில்லை. சங்கக் கட்டிடம் இடிந்தால் கடன் பெற்று மீண்டும் கட்டலாம். முந்நூறு வருஷத்து மரத்தை எந்தப் பாங்கியும் கடனாகக் கொடாது. ஆதலின் அதனைக் காக்கும் முறையை இப்பாடத்தில் ஆராய்வோம்.

1. அன்பினால் நேர்ந்த கேடு

கணக்குத் தணிக்கையின் பொருட்டு நான் சென்றுவந்த கிராமம் ஒன்றில் பேராலமரம் ஒன்று நின்றது. ஊரார் பொருள் திரட்டி, அடிமரத்தை நெருக்கிச் சிமெண்டு மேடை கட்டினர். மேடைக்கு இடையூறென்று தொங்கிய விழுதுகளை வெட்டினர். அம்மேடையின் அழகைப் பாராட்டிச் சங்கத்தின் பார்வையாளர் புத்தகத்தில் எழுதியவன் நானே. சில வருஷங்களில் ஐப்பசி மாதத்துக் காற்றொன்றில் மரம் வேரோடு சாய்ந்தது. மேடையின் அடியில் வேர்கள் அழுகியிருந்தன. தாங்குவதற்கு விழுது ஒன்றேனும் இல்லை. ஊரார் மரத்தின்மீது கொண்ட அன்பிற் குறைவில்லை. மரத்தின் இயல்பை அவர்களும் அறியவில்லை, நானும் அறியவில்லை.

2. விழுதே ஆலின் ஆயுள்

ஆலமரம் அடிமரத்தை மாத்திரம் நம்பி வாழ்வதன்று. கிளையினின்று இறங்கும் விழுது தரையைத் தொட்டு வேரூன்றியதும் பருத்துத் தூணாகிறது. கிளையைத் தாங்குவதுடன் அதற்கு நீரும் உணவும் ஊட்டுகிறது.

கல்கத்தாவை அடுத்த ஹௌராவில் 1787-ல் ஸ்தாபிக்கப்பட்ட தாவரத் தோட்டத்தில், இருநூற்றைம்பது வயதிற்கு மேற்பட்ட ஆலமரம் ஒன்றுண்டு. 1864, 1867 ஆகிய வருஷங்களின் புயல்களில் அதன் பெருங்கிளைகள் முறிந்தன. முறிந்த இடத்திற் காளான் நோய் பற்றியது. 1925-ல் அடிமரத்தையே அகற்ற நேர்ந்தது. ஆயினும் மூவாயிரத்திற்கு மேற்பட்ட விழுதுகளின்மேல் நின்று, மூன்று ஏக்கருக்கு அதிகமாக அம்மரம் பரந்துள்ளது. சென்னை அடையாற்றில் பிரம்மஞான சபையின் தோட்டத்துப் பேராலின் அடிமரமும் 1989-ல் காற்றில் வீழ்ந்தது. விழுதூன்றிய பகுதிகள் பிழைத்து நிற்கின்றன.

நமது சங்கமும் இவ்வாறே அன்றோ? தலைவர் ஒருவரையே நம்பிய சங்கம் அவருடன் வீழும். அங்கத்தினர் ஒவ்வொருவரும் விழுதாக ஊன்றிய சங்கம், தலைவர் மாறினும் நிலைக்கும்.

காலையிற் பல் துலக்கும் பொருட்டு விழுதின் நுனியை ஒடிப்பது நம்மவர் வழக்கம். விழுது வளர்வது அந்நுனியிலேதான். நாடோறும் நுனியை ஒடித்தால் விழுது தரையை எவ்வாறு எட்டும்? வருங்காலத் தூண்களை நாம் பல்லுக்குச் செலவிடுகிறோம்.

3. முன் காப்பும் பின் வைத்தியமும்

தெலுங்கானாவில் மகபூப்நகரை அடுத்த பிள்ளலமர்ரி என்னும் பழைய ஆலமரத்தைக் கரையான் அரித்தது. 2017-ல் கிளையொன்று முறிந்து விழுந்தது. பார்க்க வருவோரைத் தடுத்து நிறுத்தினர். 2018-ல், வைத்தியசாலையில் நோயாளிக்கு மருந்தேற்றுவது போல நூற்றுக்கணக்கான புட்டிகளைக் கட்டித் தொங்கவிட்டு, கரையான் மருந்தைத் துளித்துளியாக மரத்திற் செலுத்தினர். சாயும் கிளைகளுக்குத் தூண்கள் கொடுத்தனர். இத்தகைய பெருஞ்செலவு ஒரு கிராமத்தால் ஆகாது. நம்மால் ஆவது முன் காப்பே. அதன் முறைகள் வருமாறு:

(அ) அடிமரத்தை ஒட்டிச் சிமெண்டுத் தளம் இடலாகாது. மேடை வேண்டுமாயின் சற்றுத் தள்ளி, காரையிடாமல் கல்லடுக்கி அமைத்து, நீர் உள்ளே இறங்கவும் தேங்காமல் வடியவும் வழி விடுக.

(ஆ) விழுது தரைக்கு எட்டுமளவில் மூங்கிலைப் பிளந்து கணு நீக்கி, மண்ணும் மட்கிய எருவும் நிரப்பி, விழுதை உள்ளே விட்டுக் கட்டுக. ஈரம் உலராமல் நீர் வார்த்து வருக. ஆடுமாடு தீண்டாதபடி முள்வேலி இடுக.

(இ) ஆணி அடித்தலும் கம்பி இறுக்கிக் கட்டுதலும் கூடா. காயத்தின் வழியே நோய் புகும்.

(ஈ) குப்பையை மரத்தடியில் எரித்தலாகாது. வெடித்தொழில் நமது பக்கத்தாரின் ஜீவனம். எனினும் வெடியுப்பு, கந்தகம் முதலிய கழிவுகளை வேரருகே கொட்டுதலும் கொளுத்துதலும் மரத்திற்கும் மனிதருக்கும் ஆபத்தாகும்.

(உ) குழாய்க்கும் சாலைக்கும் பள்ளம் தோண்டுமுன் வேர் செல்லும் திசையை அறிந்து விலகித் தோண்டச் செய்க.

4. கொண்டாடும் முறை

இலங்கை அநுராதபுரத்து அரசமரம் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் நடப்பட்டதென நாம் அறிவது, அதனை எழுதி வைத்தவர்களாலே. ஊரார் மரத்தின் வயதை நூறென்றும் ஆயிரமென்றும் வாய்ப்பேச்சாகச் சொல்வதில் பயனில்லை. சங்கத்தில் மரத்திற்கென ஒரு பேரேடு திறக்கலாம். வருஷத்தில் ஒரு நாளைக் குறித்து, பள்ளிச் சிறுவர் முன்னிலையில், தரைக்கு நாலரை அடி உயரத்தில் அடிமரத்தின் சுற்றளவை அளந்தும், ஊன்றிய விழுதுகளை எண்ணியும் அதிற் பதிவு செய்க. முதியோர் தாம் அறிந்த செய்திகளை உரைக்கக் கேட்டு எழுதுக. அந்நாளில் புதிய விழுதொன்றுக்கு மூங்கில் கட்டுக. அலங்காரச் செலவில் ஒரு பங்கை வேலிக்கு ஒதுக்கினால் விழாவும் நடக்கும், மரமும் வாழும்.

2002-ஆம் வருஷத்து உயிரியற் பன்மைச் சட்டம், சிறப்பு வாய்ந்த இடங்களைப் பாரம்பரியத் தலங்களாக அறிவிக்க மாநில சர்க்காருக்கு அதிகாரம் அளிக்கிறது. கர்நாடகத்து நல்லூரின் பழைய புளியந்தோப்பு 2007-ல் அவ்வாறு அறிவிக்கப்பட்டது. பேரேடு ஒன்று கையிலிருந்தால், ஊரார் பஞ்சாயத்தின் வழியே விண்ணப்பிக்க அது துணையாகும்.

கூட்டத்தில் ஆராய வேண்டிய வினாக்கள்

1. நமது ஊரின் மூத்த மரம் எது? அது யாருடைய நிலத்தில் உள்ளது?
2. அதில் தரையூன்றிய விழுதுகள் எத்தனை? ஒடிக்கப்பட்டவை எத்தனை?
3. அதன் பேரேட்டை எழுதும் பொறுப்பை ஏற்பவர் யார்?

மூன்றாம் வினாவிற்கு ஒரு பெயர் எழுதப்படும் வரையில் கூட்டத்தைக் கலைக்க வேண்டாமெனக் கேட்டுக் கொள்ளுகிறேன்.