கத்தி, அரிவாள் ஆகியவற்றின் பிடிகளைப் பேணும் முறை

கமக்காரர் கத்தியின் அலகைத் தீட்டுவதிற் காட்டும் கருத்தினைப் பிடியிற் காட்டுவது அரிது. அலகு மழுங்கினால் வேலை தாமதப்படும்; பிடி வழுக்கினாற் கை வெட்டுப்படும். கைப்புண்ணுடன் வயலில் இறங்குதல் சிறு விடயமன்று. எலியின் சிறுநீர் கலந்த சேற்றுநீரில் உள்ள எலிக்காய்ச்சற் கிருமி, வெட்டுக்காயத்தின் வழியாகவும் கொப்புளம் உடைந்த தோலின் வழியாகவும் உடலிற் புகும். 2008 ஆம் ஆண்டில் இலங்கையில் 7,000 இற்கு மேற்பட்டோர் இந்நோய் கண்டவரென ஐயுற்று அறிவிக்கப்பட்டனர். ஏற்புவலிக் கிருமியோ மண்ணிலேயே கிடப்பது. ஆகவே புண்ணுள்ளவர் வயலுக்குச் செல்லுமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரை பற்றி வினவுதல் நன்று.

வெள்ளவத்தை போன்ற கடலோர இடங்களிற் பிடிகள் விரைவிற் கெடும். காலி வீதியிலிருந்து கடல் சில நூறு யார் தூரமே. கடற்காற்றுக் கொணரும் உப்பு மரத்திற் படிந்து, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பிடியினுட் செருகிய இரும்பு வால் அவ்வீரத்தால் துருப்பிடிக்கும். துரு, இரும்பினும் கூடிய இடத்தைக் கொள்வதால், மரம் உள்ளிருந்தே பிளக்கும். துரு உதிர்ந்ததும் அலகு ஆடத் தொடங்கும். வீட்டுத் தோட்டத்திற் கீரை அரியும் கத்திக்கு நேர்வதே மன்னார், மட்டக்களப்புக் கரையோர வயல்களில் நெல்லரியும் அரிவாளுக்கும் நேர்வது.

பிடியைத் துப்புரவாக்குங்கால் நீரில் ஊறவிடலாகாது. பலாப்பால், வாழைக்கறை முதலியன ஒட்டியிருப்பின் சிறிது தேங்காயெண்ணெய் பூசிக் கரைத்துத் துடைக்க வேண்டும். பின்பு சவர்க்கார நீரில் நனைத்துப் பிழிந்த தும்பினால் தேய்த்து, நல்ல நீரில் நனைத்த துணியால் உப்பும் எண்ணெயும் போகத் துடைத்து, நிழலில் ஒரு நாள் உலர்த்துக. வெயிலிற் காயவைத்தால் வெடிப்பு உண்டாகும்.

கடையில் வாங்கும் புதுக்கத்தியின் பிடி வார்னிசு பூசி மினுமினுப்பாக இருக்கும். அது கண்ணுக்கு அழகேயன்றி ஈரக்கைக்கு ஆகாது. 80 ஆம் இலக்க மண் கடதாசியால் மரத்தின் இரேகை செல்லும் திசையில் தேய்த்து அதனை நீக்கி, 120 ஆம் இலக்கத்துடன் நிறுத்துக. அதற்கு மேலும் வழவழப்பாக்குதல் வீண்வேலை.

இனி எண்ணெய். நம்மவர் கைக்கெட்டுவது தேங்காயெண்ணெய். ஆயின் அது உலர்ந்து இறுகாது, பிசுக்காகவே நிற்கும். ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஒட்சிசனை ஏற்று இறுகும். வர்ணப் பொருள் விற்கும் கடைகளில் அது கிடைக்கும். துணியால் மெல்லிதாகப் பூசி, கால்மணி நேரத்தின் பின் எஞ்சியதைத் துடைத்துவிட்டுச் சில நாட்கள் உலரவிட்டு, மீண்டும் ஒருமுறை பூசுக. எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் எறிதல் கூடாது. அது தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். விரித்துக் காயப்போட வேண்டும்.

அதன் பின்னும் பிடி வழுக்குமாயின், அரத்தின் விளிம்பினாற் குறுக்கே ஆழமற்ற சாய்கோடுகள் இழுக்கலாம். நாள் முழுதும் பிடிக்கும் அரிவாளுக்குப் பருத்திக் கயிற்றை இடைவெளியின்றிச் சுற்றுதல் சிறந்தது. தும்புக்கயிறு உள்ளங்கையை உராயும். சிலர் பழைய துவிச்சக்கரவண்டி இறப்பர்க் குழாயைச் சுற்றுவர். முதல் வாரத்திற் பிடிமானம் நன்றாகவே இருக்கும். ஆனால் அதனடியில் நீர் தேங்கி மரம் உக்குவது வெளியே தெரியாது. கயிறாயின் அவிழ்த்து உலர்த்தலாம். எதைச் சுற்றினும் பிடியின் குறுக்களவு 30 முதல் 40 மில்லிமீற்றர் வரை இருத்தல் வேண்டும். மெல்லிய பிடியை இறுகப் பற்றுவதாற் கை விரைவிற் களைக்கும்.

அலகு ஆடுமாயின் கழற்றி, வாலிலுள்ள துருவைச் சுரண்டி, துளையை நன்கு உலர்த்திக் குங்கிலியத்தை உருக்கி வார்த்து மீண்டும் செருகுக. நீளவாக்கிற் பிளந்த பிடியைக் கம்பி சுற்றி வைத்திருத்தல் ஆபத்து. பூவரசங் கட்டையிற் புதிது செய்விப்பதே முறை. வேலை முடிந்ததும் கத்தியை ஈர வரம்பிற் குத்திவிட்டுப் போகும் வழக்கம் பலரிடம் உண்டு. துடைத்து, மழை படாத இடத்தில், அலகு கீழாகவும் பிடி மேலாகவும் சிறுவர் கைக்கெட்டாதபடி தொங்கவிடுக.